சிரிக்கத் தெரிந்த முதலாளி

 

'முதலாளி' என்ற சொல்லைக் கேட்டவுடன் உங்கள் மனக்கண் முன் எத்தகைய உருவம் தோன்றுகிறது? இறுகிய முகம், மூக்கு நுனியில் கண்ணாடி, பக்கத்தில் பூட்டிய இரும்புப் பெட்டி, யார் எது கேட்டாலும் 'நாளைக்கு வா' என்ற ஒரே பதில். இந்த உருவந்தானே? பணமும் புன்னகையும் ஒரே வீட்டில் குடியிருக்க மாட்டா என்பது நம்மவரிடையே வேரூன்றிவிட்ட எண்ணம். அந்த எண்ணத்தை இந்த மாதம் சற்றே அசைத்துப் பார்ப்போம்.

முதலீடு என்றால் என்னவென்று எங்கள் காஞ்சிபுரத்தில் எவருக்கும் பாடம் நடத்தத் தேவையில்லை. கர்நாடகத்திலிருந்து வரும் பட்டு நூலையும், சூரத்திலிருந்து வரும் சரிகையையும் முதலாளி வாங்கித் தருகிறார். நெசவாளர் தம் வீட்டுத் தறியில் பாவு பூட்டி நெய்து கொடுத்துக் கூலி பெற்றுக்கொள்கிறார். அந்தச் சேலை என்ன விலைக்குப் போகும் என்பது இருவருக்கும் ஏறக்குறையத் தெரியும்.

ஆனால் இருபத்தைந்து வயது இளைஞன் ஒருவன் வந்து நின்று, "இதுவரை யாரும் நெய்யாத ஒரு சேலையை நெய்யப் போகிறேன். அதற்குரிய தறியையே இனிமேல்தான் செய்ய வேண்டும். அதை யார் உடுத்துவார்கள் என்பதும் இப்போது தெரியாது. நூலுக்குப் பணம் கொடுங்கள்" என்று கேட்டால்? அவனை உட்கார வைத்துப் பேசி, பணத்தையும் எடுத்துக் கொடுப்பவருக்குப் பெயர்தான் 'ஸ்டார்ட் அப்' முதலீட்டாளர். புத்தொழில் முதலீட்டாளர் என்று தமிழில் கூறுகிறோம். அவர் கடன் கொடுப்பதில்லை, வட்டி கேட்பதுமில்லை. தொழிலில் ஒரு பங்கை வாங்கிக்கொள்கிறார். தொழில் வென்றால் பங்கின் மதிப்புப் பன்மடங்காகும். தோற்றால் போட்ட பணம் போயிற்று.

இத்தகைய வேலையில் இருப்பவருக்கு முகம் சிரித்தே தீர வேண்டும் போலும்! இல்லாவிட்டால் இரவில் உறக்கம் வருமா?

மேசை அறையில் தூங்கிய காசோலை

1998ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம். அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக மாணவர்களான லாரி பேஜ், செர்ஜி பிரின் ஆகிய இருவரும் தங்கள் பேராசிரியர் ஒருவரின் வீட்டு முகப்பில், தாங்கள் உருவாக்கிய கணினித் தேடுபொறியை ஆண்டி பெக்டால்ஷைம் என்பவருக்கு இயக்கிக் காட்டினர். அவருக்கோ அடுத்த வேலைக்குப் போகும் அவசரம். நீண்ட பேச்சுக்கு இடமின்றி, ஒரு லட்சம் டாலருக்குக் காசோலை எழுதிக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டுவிட்டார்.

அதில்தான் வேடிக்கை. காசோலையில் அவர் எழுதிய பெயர் 'கூகுள்' நிறுவனம். அப்படியொரு நிறுவனமோ அன்று உலகில் இல்லை! இல்லாத நிறுவனத்துக்கு வங்கிக் கணக்கு எங்கிருந்து வரும்? பாவம், அந்தக் காசோலை மேசை அறைக்குள் சில வாரங்கள் தூங்கிக் கிடந்தது. செப்டம்பரில் நிறுவனத்தைப் பதிவு செய்த பின்னரே அதைப் பணமாக்க முடிந்தது. பிள்ளை பிறக்குமுன் பெயர் வைப்பார்கள். இங்கே பெயருக்குச் சீரும் வந்துவிட்டது. அந்நிறுவனத்தில் தொடக்கத்திலேயே பணம் போட்ட மற்றொருவர், சென்னையில் பிறந்து லயோலா கல்லூரியில் பயின்ற ராம் ஸ்ரீராம் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

ஓய்வு பெற்றவரின் புதிய வேலை

நம் நாட்டில் இத்துறையில் சிரித்த முகத்துக்குச் சொந்தக்காரராக விளங்கியவர் ரத்தன் டாடா. 1991 முதல் டாடா குழுமத்தின் தலைவராயிருந்த அவர், 2012 டிசம்பர் 28 அன்று, தம் 75ஆம் பிறந்த நாளில் பதவியிலிருந்து விலகினார். அந்த வயதில் நம்மில் பலர் என்ன செய்வோம்? திண்ணையில் சாய்ந்துகொண்டு, இக்காலத்துப் பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று குறைபடுவோம். அவரோ அந்த ஒன்றும் தெரியாத பிள்ளைகளைத் தேடிப் போய் உட்கார்ந்துகொண்டார்! 2014ஆம் ஆண்டு முதல் ஸ்னாப்டீல், ஓலா, பேடிஎம், லென்ஸ்கார்ட், அர்பன் கிளாப் எனப் பல இளம் நிறுவனங்களில் தம் சொந்தப் பணத்தைப் போட்டார்.

எல்லாம் வென்றனவா? இல்லை. குழந்தைகளுக்கான பொருள்களை விற்கும் ஃபர்ஸ்ட்கிரை நிறுவனத்தில் 2016இல் அவர் போட்ட 66 லட்சம் ரூபாய், 2024இல் அந்நிறுவனம் பங்குச் சந்தைக்கு வந்தபோது 3 கோடிக்கும் மேல் மதிப்புப் பெற்றது. ஆனால் வாடகை வீடு தேடித் தரும் நெஸ்ட்அவே நிறுவனமோ, ஒரு காலத்தில் மதிப்பிடப்பட்ட தொகையில் மிகச் சிறு பகுதிக்கே 2023இல் விலை போயிற்று. அதிலும் அவர் பணம் இருந்தது. ஏற்றமும் இறக்கமும் ஒரே கையில்!

வாசலில் நின்றவர்களுக்கு வந்த தொலைபேசி

புனே நகரில் வாகனத்தில் டீசலை எடுத்துச் சென்று கேட்ட இடத்திலேயே நிரப்பித் தரும் தொழிலை இளந்தம்பதியர் இருவர் தொடங்கினர். நிறுவனத்தின் பெயர் ரெபோஸ். ரத்தன் டாடாவைப் பார்த்துப் பேசிவிட வேண்டும் என்று அவர்களுக்கு ஆவல். "அதெல்லாம் நடக்கிற காரியமா?" என்று எல்லாரும் சிரித்தனர். அவர்கள் கைப்பட ஒரு கடிதம் எழுதி, தங்கள் திட்டத்தையும் இணைத்து அனுப்பிவிட்டு, மும்பைக்குச் சென்று அவர் வீட்டு வாசலில் பன்னிரண்டு மணி நேரம் காத்து நின்றனர். அவரைப் பார்க்க முடியவில்லை. சோர்ந்துபோய் விடுதிக்குத் திரும்பினர்.

இரவு வேளையில் தொலைபேசி மணி அடித்தது. எடுத்துப் பேசும் மனநிலை அந்தப் பெண்ணுக்கு இல்லை. வேண்டா வெறுப்பாக எடுத்தார். அவர் பெயரைக் குறிப்பிட்டு, அவருடன் பேசலாமா என்று ஒரு குரல் பணிவாக வினவியது. நீங்கள் யார் என்று இவர் கேட்டார். ரத்தன் டாடா பேசுவதாகவும், கடிதம் கிடைத்ததாகவும், சந்திக்க இயலுமா என்றும் அக்குரல் கேட்டது! இதை அந்தத் தம்பதியரே பின்னாளில் எழுதியுள்ளனர். பின்னர் சந்திப்பும் நடந்தது, முதலீடும் வந்தது.

அன்பர்களே, பணம் வந்ததை ஒருபுறம் வையுங்கள். உதவியாளரை விட்டுச் சொல்லச் செய்யாமல் தாமே பேசி, 'சந்திக்க இயலுமா?' என்று கேட்ட அந்தப் பணிவு எத்துணை அழகியது! உதவி கேட்டு வந்தவரிடம் உதவி செய்பவர் அனுமதி கேட்கிறார்.

வியாழக்கிழமைப் படமும் 'சோட்டு'வும்

2019 அக்டோபரில், தம் 81ஆம் வயதில் அவர் இன்ஸ்டாகிராமில் சேர்ந்தார். இளைஞர்களின் ஊருக்குள் புகுந்த பெரியவர் அவ்வூர் வழக்கத்துக்கு அடங்கி நடந்த கதையைக் கேளுங்கள். 2020 ஜனவரியில், இளமையில் அமெரிக்காவில் எடுத்த தம் படம் ஒன்றை வெளியிட விரும்பினார். பழைய படங்களை வியாழக்கிழமைதான் போட வேண்டும் என்பது அங்குள்ள பிள்ளைகளின் சம்பிரதாயமாம்! அதைக் கேட்டறிந்து, ஒரு நாள் காத்திருந்து வியாழனன்றே வெளியிட்டார். தாம் காத்திருந்ததையும் ஒளிக்காமல் அப்படத்தின் கீழேயே எழுதினார். பெரும் நிறுவனங்களுக்கு நாள் குறித்தவர், ஒரு புகைப்படத்துக்குப் பிள்ளைகளிடம் நாள் கேட்டு நின்றார்.

அடுத்த மாதமே, அவரைப் பின்தொடர்வோர் பத்து லட்சத்தை எட்டினர். தரையில் அமர்ந்திருக்கும் படத்துடன் நன்றி தெரிவித்தார். ஓர் இளம்பெண் அதன் கீழ், 'வாழ்த்துகள் சோட்டு' என்று எழுதிவிட்டாள். சோட்டு என்றால் இந்தியில் சின்னப் பையன்! பலர் அந்தப் பெண் மீது பாய்ந்தனர். வசைமாரி பொழிந்தது. அப்போது அவர் குறுக்கிட்டு, நம் ஒவ்வொருவருக்குள்ளும் ஒரு குழந்தை உண்டென்றும், அந்தப் பெண்ணை மரியாதையுடன் நடத்துங்கள் என்றும் எழுதினார். எண்பதைக் கடந்தவரை 'பொடியா' என்று அழைத்தவளுக்கு அவரே வக்கீல்!

நம் வீட்டில் பேரன் ஒருவன் பாட்டனாரை அப்படி விளித்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்துச் சிரித்துக்கொள்ளுங்கள்.

நாய்க்குட்டி சேர்த்து வைத்த நட்பு

ஷாந்தனு நாயுடு என்னும் இளைஞர் புனேயில் டாடா நிறுவனமொன்றில் பணியாற்றினார். இரவில் வாகனங்களில் அடிபட்டுச் சாலையில் மாண்டு கிடந்த நாய்களைக் கண்டு மனம் வருந்தி, விளக்கொளி பட்டால் மின்னும் கழுத்துப் பட்டைகளைச் செய்து தெருநாய்களுக்கு அணிவித்தார். அதைப் பற்றி ரத்தன் டாடாவுக்குக் கடிதம் எழுதினார். அழைப்பு வந்தது. அம்முயற்சிக்கு முதலீடும் கிடைத்தது.

ரத்தன் டாடாவின் நாய்ப் பாசம் ஊரறிந்தது. மும்பையில் டாடா தலைமையகமான பாம்பே ஹவுஸ் 2018இல் புதுப்பிக்கப்பட்டபோது, தெருநாய்களுக்கென்றே அதில் ஓர் அறை ஒதுக்கப்பட்டது. அவற்றில் ஒன்றின் பெயர் 'கோவா'. குட்டியாயிருந்தபோது கோவாவில் சக ஊழியர் ஒருவரின் காருக்குள் ஏறி உட்கார்ந்து, பயணச் சீட்டின்றி மும்பைக்கே வந்து சேர்ந்துவிட்டதாம். அதனால் அந்தப் பெயர். நாய் வளர்ப்பில் நமக்கென்று மார்க்க வரம்புகள் உள்ளன. ஆயினும் தாகத்தால் தவித்த நாய்க்கு நீர் புகட்டியவரின் பாவம் மன்னிக்கப்பட்ட செய்தியை ஸஹீஹுல் புகாரியில் படித்த நமக்கு, வாயில்லா உயிரின் மீது கொள்ளும் இரக்கம் புதிய பாடம் அன்று.

ஷாந்தனு அமெரிக்கா சென்று, ரத்தன் டாடா பயின்ற அதே கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்துத் திரும்பினார். அலுவலகத்தில் நிறைய வேலை கிடக்கிறது, என் உதவியாளராக வருகிறாயா என்று அவர் கேட்க, இவர் சேர்ந்தார். இருவருக்குமிடையே வயது வேறுபாடு அரை நூற்றாண்டுக்கும் மேல்!

2021 டிசம்பர் 28 அன்று எடுத்த காணொளியொன்றைப் பலர் பார்த்திருப்பீர்கள். பிறந்தநாள் கொண்டாடுவது நம் வழக்கமன்று. எனினும் அதில் இருந்த எளிமை கவனிக்கத்தக்கது. நாடறிந்த செல்வர் ஒரு சாதாரண நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். முன்னால் உள்ளங்கையளவு கேக், அதில் ஒரே ஒரு மெழுகுவத்தி. ஷாந்தனு அவர் தோளைத் தட்டிக்கொடுத்து, ஒரு துண்டை ஊட்டிவிடுகிறார்.

மனைவி மக்கள் இல்லாதவர் ரத்தன் டாடா. தனிமை என்பது அவருக்குப் பிறர் சொல்லித் தெரிய வேண்டிய பொருளன்று. 2022 ஆகஸ்டில் ஷாந்தனு, 'குட்ஃபெல்லோஸ்' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். தனித்து வாழும் முதியோருடன் படித்த இளைஞர்கள் சென்று பேசிச் சிரித்து, உடன் நடந்து, துணையாயிருப்பதே அதன் தொழில். அதற்கும் முதலீடு செய்த ரத்தன் டாடா தொடக்க விழாவில் பேசுகையில், துணைக்கு ஏங்கித் தனியே காலம் கழித்தாலன்றித் தனிமை இன்னதென்று விளங்காது என்றார். சிரித்த முகத்தின் பின்னே இருந்ததை அன்று பலரும் உணர்ந்தனர்.

2024 அக்டோபர் 9 அன்று, 86ஆம் வயதில் அவர் மறைந்தார். இறுதி ஊர்வலத்தில் உடலைச் சுமந்த வண்டிக்கு முன்னே மோட்டார் சைக்கிளில் சென்றவர் அந்த இளைஞர்தாம். ஷாந்தனுவின் கல்விக்குக் கொடுத்த கடனையும் குட்ஃபெல்லோஸில் தமக்கிருந்த பங்கையும் அவர் உயில் மூலம் விட்டுக்கொடுத்ததாகப் பின்னர் நாளேடுகள் எழுதின.

நம் வீட்டுத் திண்ணைக்கு வருவோம்

"கோடி கோடியாய் இருப்பவருக்குச் சிரிப்பதற்கென்ன குறை? அறுபத்தாறு லட்சம் போனாலும் அவருக்கு அது பெரிதா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பணத்தில் நாம் அவருக்கு ஈடாக முடியாது. ஆனால் காது கொடுத்துக் கேட்பதற்கு எத்தனை கோடி வேண்டும்?

மதரஸாவில் என் மாணவர்களிடம், "பெரியவனானதும் என்ன செய்வாய்?" என்று கேட்பதுண்டு. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளைச் சிலர் சொல்வர். சபர் போவேன் என்பர் சிலர். அரிதாக ஒருவன், "சொந்தமாத் தொழில் செய்வேன் ஹஜ்ரத்" என்பான். உடனே மற்றவர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பை அவர்கள் எங்கே கற்றனர்? நம் வீடுகளில்தான்.

எனக்குத் தெரிந்த ஒருவர், சபர் போகுமுன் எங்கள் ஊர்ப் பட்டுக் கடையில் பல ஆண்டுகள் பணி புரிந்தவர். ஊர் திரும்பிய அவரிடம், கைப்பேசி வழியாகச் சேலை விற்கப் போவதாகக் கூறி மகன் மூன்று லட்சம் கேட்டான். "ஹஜ்ரத், கடை இல்லையாம், போர்டு இல்லையாம், கல்லாவும் இல்லையாம். அப்போ பணம் மட்டும் எதுக்காம்?" என்று என்னிடம் வந்து பொரிந்தார்.

"மறுக்கும் முன் ஒருமுறை முழுவதும் கேட்டுப் பாருங்கள் பாய்" என்றேன்.

மகன் கைப்பேசியைக் காட்டினான். சேலைப் படங்களின் கீழ் 'நீலம்', 'நீலம்', 'இன்னொரு நீலம்' என்று எழுதி வைத்திருந்தான்! தந்தைக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அடேய், இது எம்.எஸ். நீலம், இது மயில் கழுத்து, இது ஆனந்தா நீலம். இப்படி எழுதினா எவன்டா வாங்குவான்?" என்றார். "அப்ப நீங்களே சொல்லுங்க அத்தா, எழுதிக்கிறேன்" என்றான் அவன். அன்றிரவு இருவரும் இஷாவுக்குப் பின் நெடுநேரம் நிறங்களுக்குப் பெயர் சூட்டிக்கொண்டிருந்தனராம். மூன்று லட்சத்துக்குப் பதில் ஒரு லட்சத்தில் தொடங்க முடிவாயிற்று. தொழில் வெல்லுமா என்பது இனிமேல்தான் தெரியும். ஆனால் ஒரு வீட்டில் தந்தையும் மகனும் சிரித்துப் பேசத் தொடங்கிவிட்டனர். இதுவும் ஓர் இலாபந்தானே?

கொடுக்கும் முறை

தொழிலுக்குப் பணம் தரும் முறையை நம் முன்னோர் நமக்குத் தெளிவாகவே வகுத்துத் தந்துள்ளனர். ஒருவர் முதல் போட, மற்றவர் உழைக்க, இலாபத்தை முன்பே பேசிய விகிதப்படி பகிர்ந்துகொள்வது முளாரபா. அன்னை கதீஜா (ரலி) அவர்கள் தம் சரக்கை அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் ஒப்படைத்துச் சிரியாவுக்கு அனுப்பியது இவ்வகை வணிகந்தான். இதில் நஷ்டம் நேர்ந்தால், உழைத்தவரிடம் கவனக்குறைவோ மோசடியோ இல்லாதவரை, அது முதல் போட்டவரையே சாரும். உழைத்தவர் தம் உழைப்பை இழக்கிறார்.

"மாதம் இவ்வளவு தந்துவிடு, மற்றது உன் பாடு" என்று தொகையைக் கட்டிவிடுவது முளாரபா ஆகாது. இதை நாம் நன்கு உணர்ந்திருந்தால், ஹலால் என்ற பெயரைக் காட்டி மாதந்தோறும் இலாபம் தருவதாய்ச் சொன்ன பெங்களூரு ஐ.எம்.ஏ. நிறுவனம் 2019இல் கவிழ்ந்தபோது ஆயிரமாயிரம் முஸ்லிம் குடும்பங்கள் கண்ணீர் வடித்திருக்க வேண்டாம். மெய்யான முதலீட்டாளர் இழப்புக்கும் அணியமாயிருப்பார். இழப்பே இல்லை என்று வாக்களிப்பவரைக் கண்டால் பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஆகவே தாய்மார்களே, பெரியோர்களே! பிள்ளை தொழில் தொடங்கக் கேட்டால், முதலில் அமர வைத்து முழுவதும் கேளுங்கள். போனாலும் குடும்பம் குலையாத அளவு தொகையை மட்டும் கொடுங்கள்; மகளின் திருமணத்துக்கும் மருத்துவத்துக்கும் வைத்ததைத் தொடாதீர்கள். கடனா, பங்கா, அன்பளிப்பா என்பதை அன்றே பேசி எழுதி வையுங்கள். குர்ஆனின் மிக நீண்ட வசனமே கடனை எழுதி வைப்பதைப் பற்றியதுதான். மனைவியின் நகை தொழிலுக்குள் போகுமானால் அந்தப் பங்கு அவர் பெயரிலேயே எழுதப்படட்டும். அடகுச் சீட்டுகளை மட்டும் அவரிடம் கொடுத்துவிட்டு இலாபக் கணக்கை மறைப்பது நீதியாகாது.

தொழில் தோற்றுவிட்டால்? 'அன்றைக்கே சொன்னேனே!' என்ற சொல்லை மட்டும் விழுங்கிக்கொள்ளுங்கள். பணத்தை இழந்தவன் தந்தையின் முகத்தையும் இழக்க வேண்டாம்.

இளைஞர்களே, உங்களுக்கும் ஒரு சொல். பெரியவர்களிடம் காசோலை கேட்கப் போகும் நாளில் மட்டும் அருகில் அமராதீர்கள். எங்கள் ஊரில் கோர்வைச் சேலை நெய்யும்போது, உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாக இருக்கும். அதை நெய்யத் தறியில் இருவர் அமர வேண்டும்; நெசவாளர் ஒருவர், பக்கத்திலிருந்து கரைக்கு நாடா எறிந்து கொடுப்பவர் மற்றொருவர். இருவர் கையும் ஒத்துப்போனால்தான் கரையும் உடலும் பிரியாமல் நிற்கும். வீட்டில் முதியவரின் சேமிப்பும் அனுபவமும் ஒரு பக்கம். உங்கள் கைப்பேசியும் கனவும் மறு பக்கம். இடையில் ஓடும் நாடா பேச்சுத்தான். அதுவும் சிரித்த முகத்துடன் கூடிய பேச்சு.